நாலாம் மாடி வாசலில் ஒரு கொத்து இலை

வோபர்ன் நூலகத்தின் சிறிய அறையில் மாதம் ஒருமுறை கூடும் நம் வட்டத்தினருக்கு வணக்கம். பிள்ளைப் பிராயத்தின் ஏதேனும் ஒரு பருவகாலத்தை ஒவ்வொருவரும் எழுதி வரவேண்டும் என்ற விதியை முன்மொழிந்தவள் நானே. எழுதுவது உண்மையாக இருக்கவேண்டும் என்ற உபவிதியைச் சேர்த்தவளும் நானே. ஆகையால் எனக்கு இப்போது தப்ப வழியில்லை. கூட்டக் குறிப்பில் ஒரு காற்புள்ளி தவறினாலும் திருப்பி அனுப்புபவள், பொது இடத்தில் பல் தெரியச் சிரிக்காதவள் என்று எனக்கு நம்மவரிடையே ஒரு பெயர் உண்டு. அதனை நான் சிரத்தையோடு காத்து வந்திருக்கிறேன். இக்குறிப்பு அப்பெயருக்கு ஊறு செய்யுமாயின், பழி அந்த உபவிதியையே சேரும்.

எனக்கு அப்போது பதினொரு வயது. கனடாவில் வெக்ஸ்போர்ட் வட்டாரத்தில், உயர்மின் கோபுரங்கள் வரிசையாகச் செல்லும் நீண்ட புல்வெளியை ஒட்டி நின்ற ஆறு மாடிக் கட்டடத்தில், நாலாம் மாடியில் குடியிருந்தோம். அந்நாளில் அவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மின்தூக்கியில் ஏறினால் ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு மணம் நுழையும்: முதலாம் மாடியில் முட்டைக்கோவா அவித்த நீர், இரண்டாம் மாடியில் தரைக்குப் பூசும் மெழுகு, நாலாம் மாடியில் நாங்கள். பால் அப்போதும் பையில்தான் வந்தது. பையை நிறுத்தி வைக்க மஞ்சள் நிறப் பிளாஸ்ரிக் குவளை ஒன்று எங்களிடம் இருந்தது. பையின் நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டும் உரிமை என்னுடையது. அந்தக் குவளை எந்த வீடு மாறலில் தொலைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்பா யாழ்ப்பாணத்தவர். ஊரில் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பித்தவர். இங்கே கதவுப் பூட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அம்மா மட்டக்களப்பில் வாவிக் கரையைச் சேர்ந்தவர். அப்பா அங்கு ஆசிரியராக இருந்தபோது இருவரும் விரும்பி மணந்தனர். அந்தத் திருமணத்துக்கு அப்பாவின் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. கிழக்குப் பெண்கள் சோற்றில் மருந்து வைத்து ஆண்களை மயக்கிவிடுவார்கள் என்றொரு நம்பிக்கை யாழ்ப்பாணத்தில் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். படித்தவர்களும் அதை முழுதாகக் கைவிட்டதில்லை.

அப்பாவின் மூத்த சகோதரியான என் மாமி, எங்களுக்கு முன்னரே கனடாவுக்கு வந்து ஒஷாவாவில் குடியிருந்தார். மாமாவுக்கு அங்கே கார்த் தொழிற்சாலையில் வேலை. நாங்கள் வந்த எட்டு ஆண்டுகளில் மாமி எங்கள் வீட்டுக்கு இருமுறை வந்திருந்தார். இருமுறையும் சிவப்பு மூடி போட்ட தம் சொந்தச் சுடுநீர்ப் போத்தலில் தேநீர் கொண்டுவந்தார். சாப்பிடச் சொன்னபோது, இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். அம்மாவைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ அவர் அழைத்ததில்லை. சொல்ல வேண்டியதை அப்பாவைப் பார்த்துச் சொல்வார். அவர் போனபின் அம்மா, தொடப்படாத கோப்பைகளை மீண்டும் ஒருமுறை கழுவி வைப்பார்.

அந்த ஆண்டு ஆனி ஒன்பதாம் நாள் என் தம்பிக்கு முதலாவது பிறந்தநாள். அப்பா முதன்முறையாக ஐந்து குடும்பங்களை வீட்டுக்கு அழைத்தார். மாமியும் வருவதாகச் சொன்னார். மாமி தன் கையால் ஒரு வாய் சோறு உண்டுவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று அம்மா அரிசி களைந்துகொண்டே என்னிடம் சொன்னார். அம்மா எதையும் இரண்டு முறை கேட்பவர் அல்லர். ஆதலால் அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இனி, சுப்பரின் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டடத்தைப் பராமரிப்பவரைச் சுப்பர் என்றே இந்நகரத்தில் எல்லோரும் அழைப்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் சுப்பரும் மனைவியும் லாத்வியா நாட்டவர். அந்த அன்ரி பெருத்த உடலும் சோளக்கதிர் நிறத் தலைமயிரும் உடையவர். ஞாயிறு தவறாமல் தேவாலயம் செல்வார். ஆயினும் கோடையின் நடுவில், ஆண்டிலேயே மிக நீண்ட பகலை ஒட்டி அவர்கள் கொண்டாடும் திருநாள் தேவாலயத்தை விடப் பழையது என்றும், அன்று ஆண்டவர் சற்று வேறு பக்கம் பார்த்துக்கொள்வார் என்றும் சொல்வார். நம் பஞ்சாங்கம் சூரியனை ஆடி முதல் நாளில்தான் தெற்கே திருப்புகிறது. இவர்களோ ஆனி பிறந்து பத்து நாள் ஆகுமுன்னரே அவனைத் திருப்பிவிட்டுத் தீ மூட்டி ஆடுகிறார்கள். யாருடைய கணக்குச் சரி என்று அப்பா ஒரு மாலை முழுவதும் தாளில் வரைந்து பார்த்தார். தம்பியின் பிறந்தநாளும் அவர்கள் தீ மூட்டும் நாளும் ஒன்றாகவே அமைந்தன.

அந்நாளுக்கு வட்டமான பாற்கட்டி செய்தாக வேண்டும். அன்ரிக்கு அவ்வாரம் மணிக்கட்டுச் சுளுக்கிக் கட்டுப் போட்டிருந்தது. செய்தி கேட்டு அம்மா இறங்கிப் போனார். பாலும் தயிரும் மலிந்த ஊரில் வளர்ந்த அம்மாவுக்கு, திரிந்த பாலை விரலால் தொட்டே பதம் சொல்லத் தெரியும். கொதிக்கும் கட்டியை வெறுங்கையால் பிசைந்து, சீரகம் போன்ற ஒரு விதையைத் தூவி, துணியில் இட்டு நடுவில் ஒரே முடிச்சாக முறுக்கிக் கல்லின் கீழ் அழுத்தினார். அன்ரி பக்கத்தில் ஸ்டூலில் அமர்ந்து மொழி புரியாமலே மேற்பார்வை செய்தார். மறுநாள் துணியை விரித்தபோது முடிச்சிருந்த இடத்திலிருந்து மடிப்புக் கோடுகள் கதிர் கதிராக விளிம்புவரை ஓடின. அதுதான் சூரியன் என்றார் அன்ரி. இப்படி ஏழு சூரியன்கள் செய்தோம். செய்தவர் அம்மா என்பதை அக்கட்டடத்தில் நால்வரே அறிந்திருந்தோம்.

திருநாளன்று விடியலில் அன்ரி என்னைப் புல்வெளிக்கு அழைத்துச் சென்றார். மின்கோபுரங்கள் மெல்ல முரலும் ஓசை. முழங்கால்வரை பனி நனைத்த புல். இருபத்தேழு வகைப் பூவும் புல்லும் பறிக்கவேண்டும், மூன்று ஒன்பது என்பதே கணக்கு என்றார். நம் நட்சத்திரங்களின் எண்ணிக்கையும் அதுவே என்பதை நான் எடுத்துச் சொன்னேன். அவர் மரியாதையோடு தலையாட்டினார். டெய்சி, ஊதா நிறக் கொடிப்பூ, பூனைவால் போன்ற புல் என்று மடி நிறைந்தது. அந்த விடியலின் பனியில் முகம் கழுவினால் அழகு ஓராண்டுக்கு நிற்கும் என்றார். நான் அதை நம்பவில்லை. ஆயினும் இருமுறை கழுவினேன்.

பின்னர் மாலைகள் பின்னினோம். பெண்களின் தலைக்குப் பூ வளையம். ஆண்களுக்கு ஓக் இலை வளையம். வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் ஒரு மரம் நின்றது. நடுக்காம்பின் இருபுறமும் பல்வெட்டுள்ள சிற்றிலைகள் அடுக்கடுக்காய் அமைந்த மரம். அம்மரத்தின் கொத்தை அன்று வாசலில் செருகினால் தீயவர் எவரும் வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள் என்று சொல்லி, ஒரு கட்டு ஒடித்து என் கையில் தந்தார் அன்ரி. பிற்பகல் அப்பா கேக்கோடு திரும்பி உள்ளே போனபின், நான் கதிரை வைத்து ஏறி, எங்கள் வாசல் நிலையின் இருபுறமும் அக்கொத்துகளை ஒழுங்காகச் செருகினேன். எவரிடமும் சொல்லவில்லை, விருந்தினருக்கு அது அழகாகத் தோன்றும் என்று நினைத்தேன்.

உங்களில் எத்தனை பேர் இப்போதே தலையில் கை வைத்திருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். நம் பேரப்பிள்ளைகளின் பொருட்டு விளக்கிவிடுகிறேன். கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, வந்த வீட்டின் வாசலில் நம்மவர் வேப்பிலை செருகுவர். அதை நோயென்று சொல்லாமல் அம்மாள் வந்திருக்கிறாள் என்பர். இலையைக் கண்டவர் கதவைத் தட்டலாகாது, குரல் கொடுக்கலாகாது, வந்த வழியே ஓசையின்றித் திரும்பவேண்டும். மூன்று வயதில் ஊரை விட்டு வந்த நான் இதை அறிந்திருக்கவில்லை. அந்த மரத்தின் இலையோ, ஐந்து அடி தொலைவில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு வேப்பிலையே தான்.

ஐந்து மணிக்கு அழைப்பு. பட்டு வேட்டியும் சால்வையுமாக அப்பா கதவருகே நின்றார். மின்தூக்கி திறக்கும் ஓசை கேட்டது. பேச்சும் சிரிப்புமாகக் காலடிகள் நெருங்கின. கதவுக்கு மறுபுறம் அவை நின்றன. யாரோ கிசுகிசுத்தனர். பிறகு காலடிகள் மெல்லத் திரும்பிச் சென்றன. இவ்வாறு ஐந்து முறை நிகழ்ந்தது. தம்பி தன் புதுச் சட்டையின் பொத்தானைத் தின்ன முயன்றுகொண்டிருந்தான்.

"கதவத் திறந்து பாருங்களன்," என்றார் அம்மா.

"வாறவை தட்டுவினம். நான் எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கேலாது."

அழைத்தவன் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது தகுதிக் குறைவு என்று அப்பா கருதினார். கைப்பிடியை ஒருமுறை திருகியிருந்தால் போதும். அக்குணத்தின் பெரும்பங்கு எனக்கும் வந்திருப்பதால் இதற்குமேல் விமர்சிக்க விரும்பவில்லை.

ஆறரை மணிக்கு அப்பா சால்வையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். தம் அக்காவே எல்லோரையும் வரவிடாமல் மறித்துவிட்டார் என்றார். அம்மா பானைகளை மூடினார். கோழிக் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, இறால் பொரியல், பெரிய பானை நிறையச் சோறு. சமைத்தது வீணாகக் கூடாது, கீழே போய் அன்ரியின் ஆட்களையாவது சாப்பிட வரச்சொல் என்று என்னை அனுப்பினார். அப்போது அவர் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

பின்புறப் புல்வெளிக்குப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் விருந்தினர் அனைவரும் அங்கே இருந்தனர். அப்பாவோடு பூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அங்கிளின் வழுக்கைத் தலையில் ஓக் இலை வளையம். மாமா கையில் நுரை ததும்பும் பியர்க் கோப்பை. நீண்ட மேசையின் தலைமாட்டில், கொண்டையைச் சுற்றிப் பூ வளையத்தோடு, மாமி. எதிரே இருந்த தட்டில் பாற்கட்டி. குழந்தைக்கு என்னாயிற்றோ என்று பேசியபடி அவர்கள் காரருகே தயங்கி நின்றிருக்கிறார்கள். அந்நாளில் தன் முற்றம் மிதித்தவரை உண்ணாமல் போக விட்டால் ஆண்டு முழுவதும் குடிக்கு ஆகாது என்பது அன்ரியின் வழக்கம்; கையைப் பிடித்து இழுத்து வந்து அமர்த்திவிட்டார். மாமி மூன்றாம் துண்டை உண்டுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

"பிள்ளை, அதிலேயே நில். கிட்ட வராதை. தம்பிக்குக் கனக்கப் போட்டிருக்கோ?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பி சுகமாக இருப்பதாகவும், அப்பா ஐந்து மணியிலிருந்து அவர்களைப் பார்த்து நிற்பதாகவும் சொன்னேன்.

"வாசல்ல வேப்பிலை செருகிக் கிடக்கு. நாங்கள் எல்லாரும் கண்ணால கண்டனாங்கள்," என்றார் அங்கிள்.

நான் மூலையில் நின்ற மரத்தைக் காட்டினேன். மாமாவின் கார் அதன் கீழேயே நின்றது. அங்கிள் போய் ஓர் இலையைப் பறித்து மென்று பார்த்தார்; கசக்கவில்லை. கனடாவில் வேம்பு ஏது என்று ஒருவரும் யோசிக்கவில்லையே என்று அவர் தம்மைத்தாமே நொந்துகொண்டார்.

"வேம்பும் நிண்டிருக்கும், இந்தக் குளிருக்குக் கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு," என்றார் மாமா. ஆண்டுக்கு ஒரு வாக்கியம் பேசுபவர் அவர்.

அந்தச் சிரிப்பில் ஒரு பெண் கதிரையோடு சரிந்தார். இலையைத் தந்தவர் அன்ரி என்று நான் சொன்னேன், அது உண்மை. செருகியவள் நான் என்பதைச் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளாக நம்மவர் அந்தச் செயலை அன்ரியின் கணக்கிலேயே வைத்துக் கதை சொல்லி வருகிறார்கள். நானும் அக்கதை சொல்லப்படும் இடங்களில் கம்பீரமாக மௌனம் காத்திருக்கிறேன். உபவிதியின்படி இன்று திருத்திக்கொள்கிறேன்.

மாமியின் கைலேஞ்சி நுனியில் ஒரு நாணயம் முடிந்திருந்ததை அப்போது கண்டேன். தம்பி சுகமாக வேண்டுமென்று அம்மனுக்கு நேர்ந்து அவர் முடிந்தது அது. மேலே அப்பா அவரை என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். பதினொரு வயதில் அவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

அங்கிள் ஓடிப்போய் அப்பாவை அழைத்து வந்தார். ஆண்கள் பானைகளைச் சுமந்து இறக்கினர். தம்பி ஊர்வலமாக வந்தான். அன்ரி அப்பாவின் தலையில் ஓக் வளையத்தை வைத்தபோது, அவர் முடிசூட்டப்படும் மன்னரைப் போல் விறைத்து நின்றார்; கழற்றவில்லை. சூரியன் மறையுமுன் தீ மூட்டியாக வேண்டுமாம். பழைய லொறிச் சக்கரத்தின் இரும்பு வளையத்துக்குள் சுப்பர் விறகடுக்கினார். வெயில் சாய்ந்தும் சாயாத ஒளியில் தீ கண்ணுக்கு மெல்லிதாகவே தெரிந்தது. ஆண்டின் பாரம் இறங்கவேண்டுமென்று ஒவ்வொருவராகத் தாண்டினர். அங்கிள் தாண்டினார், அவர் வளையம் மட்டும் தீக்குள் விழுந்தது. அம்மா சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, வாய்க்காலைக் கடப்பவர்போல் கடந்து, திரும்பியும் கடந்தார். கோயிலில் தீ மிதிக்கும் ஊரிலிருந்து வந்தவருக்கு அது ஒரு பொருட்டல்ல. மாமி அதை உற்றுப் பார்த்தார்.

சோறு பரிமாறும் நேரம் வந்தது. அம்மா கரண்டியோடு மாமியின் முன் நின்றார்.

"எனக்கு வயிறு நிறைஞ்சு போச்சு," என்றார் மாமி, அப்பாவைப் பார்த்து. "உந்தச் சீஸே காணும், போதும். வெள்ளைக்காரியின்ட கை நல்ல சுத்தமான கை."

அம்மா கரண்டியைப் பானைக்குள் வைத்தார். நான் வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பற்றினார்.

"சும்மா இரி மகள். திண்டது செமிக்கட்டும்."

அப்போது லாத்வியர் பாடத் தொடங்கினர். ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஒரே சொல் அலைபோல் திரும்பத் திரும்ப வந்தது. அது கேலிப் பாட்டு என்று அன்ரி விளக்கினார். தீயைச் சுற்றி இருப்பவர் ஒருவரையொருவர் பழித்துப் பாடவேண்டும். பழிக்கப்பட்டவர் பதில் சொல்லலாம், கோபிக்கக் கூடாது. கோபித்தவர் வயலில் அவ்வாண்டு களையே விளையும். அம்மாவின் முகம் மலர்ந்தது. அவர்கள் ஊரிலும் அம்மன் விழாவில் இரு கட்சியாகப் பிரிந்து வசைபாடுவது உண்டு என்று என் காதில் சொன்னார்.

அன்ரி முதலில் சுப்பரைப் பாடினார். பிறகு அப்பாவை: நாள் முழுவதும் பூட்டுச் செய்கிறார், தன் கதவைத் திறக்க மட்டும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அவர் பொருள் சொன்னதும் கூட்டம் குலுங்கியது. அப்பா வளையத்தைச் சரிசெய்துகொண்டார். சிரிப்பை அடக்கியதில் அவர் காதுகள் சிவந்தன. அடுத்து அன்ரி மாமியின் பக்கம் திரும்பினார். ஒஷாவாவிலிருந்து ஒரு சீமாட்டி வந்தாள், மூன்று துண்டு தின்றாள், செய்தவளுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை என்று பாடினார். மாமி எழுந்து அவருக்கு நன்றி சொன்னார். அன்ரி தலையை ஆட்டி, கட்டுப்போட்ட தம் மணிக்கட்டை உயர்த்திக் காட்டி, மறுகையால் அம்மாவைச் சுட்டினார்.

மாமியின் விரல்களுக்கிடையில் நாலாம் துண்டு பாதி கடித்தபடி இருந்தது. அவர் அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அப்பா எழப் போனார். மாமா அவர் தோளில் கை வைத்து அமர்த்தினார். மாமி மீதித் துண்டை வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"அப்ப, மருந்து உள்ள போயிட்டுது எண்டு சொல்லும்," என்றார். பன்னிரண்டு ஆண்டுகளில் அம்மாவை நேராகப் பார்த்து அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

அம்மா பானைக்குள் வைத்த கரண்டியை மீண்டும் எடுத்தார்.

"இருந்ததெல்லாம் அந்தக் கட்டியிலயே போட்டு முடிஞ்சி மச்சாள். மறுகா, சோத்தில உப்பு மட்டுந்தான் கிடக்கு."

மாமி தம் தட்டை நீட்டினார். அம்மா சோறும் குழம்பும் இட்டார். மாமி பிசைந்து ஒரு வாய் உண்டார். கணிதத் தேர்வின் விடையைச் சரிபார்ப்பவர்போல் நெடுநேரம் மென்றார்.

"உப்பும் காணாது," என்றார்.

முதலில் சிரித்தவர் அம்மா. அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்ததை அதற்கு முன் நான் அறியேன். தம்பி பயந்து அழத் தொடங்கினான். அப்பா ஓக் வளையம் கண்ணை மறைக்கச் சிரித்தார். பாட்டின் எந்த அடிக்கு இவ்வளவு சிரிப்பென்று தெரியாமலே லாத்வியரும் சேர்ந்துகொண்டனர்.

அம்மா உப்பு எடுக்க எழுந்தார். மாமி அவர் தோளை அழுத்தி, "நீர் இரும் மச்சாள்," என்று சொல்லிவிட்டு, பூ வளையத்தோடு, செருப்பைக்கூட மாட்டிக்கொள்ளாமல், தாமே நாலாம் மாடிக்குப் போனார். அதுவரை எங்கள் சமையலறைக்குள் காலடி வைக்காதவர் அவர். உப்பு எங்கே இருக்கிறதென்று கேட்கவும் இல்லை. திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு கையில் உப்புப் போத்தல். மறு கையில், அவசரத்தில் நாங்கள் அடுப்பிலேயே மறந்துவிட்டு வந்த இறால் பொரியல் சட்டி. படியிறங்கி வரும் வழியிலேயே அதில் பாதி குறைந்திருந்தது.